ஷோதோ தொடக்கப் பெட்டி: பட்டு மூடியை விடப் பள்ளிப் பையே மேல்

ஜப்பானியத் தூரிகை எழுத்துக்கலையான ஷோதோவைக் கற்க வெளிநாட்டவர்களுக்கென்று விற்கப்படும் தொடக்கப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டே ரகம்தான். ஒன்று பரிசுப் பெட்டி. பட்டுத்துணி ஒட்டிய மூடி, உள்ளே குழி வெட்டிய மெத்தை, பொன்னிறத்தில் டிராகன் தீட்டிய மைக்கட்டி, அதைத் தேய்த்து மையாக்க உள்ளங்கையில் அடங்கும் மைக்கல், மெல்லிய தூரிகைகள் இரண்டு மூன்று, முத்திரைக் கல் ஒன்று, சிவப்புப் பசை ஒரு டப்பி. மற்றது, ஜப்பானில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போகும் பள்ளிப் பை. அங்கே மூன்றாம் வகுப்பிலிருந்து தூரிகை எழுத்து பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 பாடவேளைகள். அந்தப் பிள்ளைகளுக்காகச் செய்த பை இது. பெரிய தூரிகை, பெயர் எழுதச் சிறிய தூரிகை, பிளாஸ்டிக் மைக்கல், புட்டி மை, விரிப்பு, எடைக்கட்டை ஆகியவை இருக்கும். பார்வைக்கு ஒன்றுமே இல்லை.

எழுதிப் பழகத்தான் என்றால் பள்ளிப் பையை வாங்குங்கள். அலமாரியில் வைக்கவோ யாருக்காவது கொடுக்கவோ என்றால் பரிசுப் பெட்டி போதும்; அதை வைத்துக்கொண்டு எழுதப் பழகுவது மட்டும் வேண்டாம். பள்ளிப் பையிலும் குறைகள் உண்டு. இரண்டுக்கும் பொதுவான பெரிய குறை, பொருளைக் கொடுத்துவிட்டு அதைக் கையாளும் விதத்தை ஒற்றைத் தாளில் முடித்துவிடுவது. வாங்கிய ஒரே மாதத்தில் தூரிகை பாழாவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தத் தாளில் இல்லாத வரிகள்தான்.

தூரிகை

காசு முழுவதும் போகவேண்டிய இடம் இது. ஜப்பானியத் தூரிகைகளுக்கு எண் உண்டு. எண் சிறிதானால் தூரிகை பெரிது. இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு 8, 9 என்று வாங்குபவர்கள் உண்டு. ஹன்ஷி எனப்படும் பயிற்சித் தாளில் நாலு முதல் ஆறு எழுத்து எழுத 3 அல்லது 4 வேண்டும். அந்த அளவில் மயிர்க்கற்றை அடிப்பக்கம் ஏறத்தாழ 1 செ.மீ. குறுக்களவும் 5 செ.மீ. நீளமும் இருக்கும். பள்ளிப் பையில் வருவது இதுவே. பரிசுப் பெட்டித் தூரிகைகளில் பல இதில் பாதிக்கூடத் தேறாது. அவற்றால் பெரிய எழுத்தை எழுத முயன்றால், தடிமன் வேண்டி ஓங்கி அழுத்த வேண்டியிருக்கும். அடிமயிர் தாளில் படிந்து நசுங்கும், முனைக்கு வேலை இல்லாமல் போகும், கோடு சப்பையாக வரும். எழுதுபவர் தன் கையைக் குறை சொல்லிக்கொள்வார். குறை கையில் இல்லை.

மயிரிலும் வேறுபாடு உண்டு. ஆட்டு மயிர் வெள்ளையாக, மிக மென்மையாக இருக்கும்; மையை நிறையக் குடிக்கும்; வளைத்த பிறகு தானாக நிமிராது. கை தேறியவர்களுக்கு அது வரம், புதியவர்களுக்குச் சோதனை. குதிரை மயிர் விறைப்பானது. இரண்டையும் கலந்து, விறைப்பானதை உள்ளே வைத்துக் கட்டியது கென்கோ தூரிகை. தொடக்கத்துக்கு அதைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டோம். பெட்டியில் தூய வெள்ளை மயிர்த் தூரிகை மட்டும் இருந்தால், அது அழகுக்காகச் சேர்த்தது.

நல்ல தூரிகைக்கு நான்கு குணங்கள் என்பார்கள்: சென், செய், என், கென். நனைத்து நீவினால் முனை ஊசியாகக் கூட வேண்டும். விரலால் தட்டையாக்கிப் பார்த்தால் நுனிகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். கற்றை சுற்றிலும் ஒரே சீராகத் திரண்டிருக்க வேண்டும். அழுத்தி எடுத்தால் நிமிர வேண்டும். பள்ளிப் பைத் தூரிகைகள் முதலாவதிலும் நான்காவதிலும் பொதுவாகத் தேறுகின்றன, இரண்டாவதில் சுமார். பரிசுப் பெட்டித் தூரிகைகளில் நனைத்த முதல் நிமிடமே மயிர் கொட்டுவது உண்டு. ஜப்பானியத் தூரிகைகளில் பெரும்பகுதி ஹிரோஷிமா மாகாணத்துக் குமானோ ஊரில் செய்யப்படுகிறது; 1975-லேயே மரபுக் கைவினை என்ற அரசு அங்கீகாரம் பெற்ற தொழில் அது. பெட்டியில் ‘ஜப்பானியப் பாணி’ என்று போட்டிருப்பதும் ‘ஜப்பானில் செய்தது’ என்பதும் ஒன்றல்ல. சிறிய எழுத்தையும் படியுங்கள்.

இனி, கையேடு சொல்லாமல் விடும் பகுதி. புதுத் தூரிகை கடற்பாசிப் பசை போட்டு விறைக்க வைத்தே வரும். பெரிய தூரிகையை முனையிலிருந்து தொடங்கி விரலால் மெல்லப் பிசைந்து, ஏறத்தாழ அடிவரை உதிர்த்துவிட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் அலசிப் பசையைப் போக்கி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு மையில் தோய்க்கலாம். பசையோடு மையில் தோய்த்தால் பசையும் மையும் அடியில் சேர்ந்து இறுகும். சிறிய தூரிகைக்கு விதி வேறு: முனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உதிர்க்கக் கூடாது. மீதிப் பசைதான் அதற்கு முதுகெலும்பு. இரண்டையும் ஒரே கிண்ணத்து நீரில் ஊறப்போட்டால் சிறியது அன்றோடு சரி. பெயர் எழுதும் இடத்தில் பூதம் பூதமாகத்தான் எழுத்து விழும்.

தூரிகையோடு வரும் பிளாஸ்டிக் மூடியைத் திறந்ததும் தூக்கிப் போடுங்கள். அது கடையிலிருந்து வீடு வருகிற வரைக்கும் முனையைக் காக்க மட்டுமே. ஈரத் தூரிகைக்கு மூடி போட்டால் பூஞ்சை பிடிக்கும், திணிக்கும்போது ஓர மயிர்கள் மடிந்து முறியும்.

கழுவுவது எழுதிய அன்றே. குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில், அடிப்பகுதியை விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தி அழுத்தி விடவேண்டும். முனையிலிருந்து தெளிந்த நீர் வருவதைப் பார்த்து ஏமாறக் கூடாது, மை தங்குவது அடியில். சூடான நீர் கூடாது. கற்றையைக் குழலோடு பிடித்திருக்கும் பசையும் கட்டும் தளரும். சோப்பும் தேவையில்லை. பிறகு முனையை நீவிக் கூட்டி, முனை கீழ்நோக்க, நிழலில் தொங்கவிடுங்கள். எழுதும்போது முனை இரண்டாகப் பிளக்கிறதென்றால் பத்துக்கு ஒன்பது தடவை அடியில் மை இறுகியிருக்கிறது என்று பொருள். ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் சில சமயம் மீளும். சிறிய தூரிகையைக் குழாயடியில் காட்டவே வேண்டாம். நனைத்த பழைய தாளில் முனையைத் துடைத்தால் போதும்.

மை

பரிசுப் பெட்டியில் கட்டி மை, பள்ளிப் பையில் புட்டி மை. கட்டி உயர்ந்தது, புட்டி மட்டம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தொடக்கத்தில் அது உதவாது.

நல்ல மைக்கட்டி என்பது விளக்குக்கரியையும் விலங்குப் பசையையும் நறுமணப் பொருளையும் பிசைந்து அச்சில் இட்டு, முதலில் ஈரச் சாம்பலிலும் பிறகு நாளுக்கு நாள் உலர்ந்த சாம்பலிலும் புதைத்து, மெதுவாக ஈரம் இறக்கி எடுப்பது. அவசரமாகக் காயவைத்தால் வெடித்துவிடும். ஜப்பானில் இந்தத் தொழிலின் வீடு நாரா நகரம். எடையை ‘சோ’ கணக்கில் சொல்வார்கள், 1 சோ 15 கிராம். பரிசுப் பெட்டியில் வரும் டிராகன் கட்டிக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. பலவற்றில் கரகரப்பு தட்டும், கால் மணி நேரம் தேய்த்தாலும் சாம்பல் நிறத்தைத் தாண்டாது.

உண்மையான கட்டியைத் தேய்ப்பதற்கும் முறை இருக்கிறது. கல்லின் மேட்டில் அரைத் தேக்கரண்டி நீர், அவ்வளவே. கட்டியைச் சற்றே சாய்த்து, கையின் எடை மட்டும் விழும்படி வட்டமாகத் தேய்க்க வேண்டும். கெட்டியானதும் பள்ளத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி அரைக் கரண்டி. தாராளமாக நீர் ஊற்றிவிட்டுத் தேய்ப்பவர்கள் அரை மணி கழித்தும் வெளிறிய மையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பயிற்சிக்குத் தேவையான மைக்குக் கால் மணி நேரம் ஆகும். முடித்ததும் கட்டியின் ஈரத்தைத் தாளில் ஒற்றி வையுங்கள்; கல்மேலேயே விட்டால் பசை பிடித்துக்கொள்ளும், பிடுங்கினால் கல்லின் மேற்பரப்பும் கூடவே வரும்.

புட்டி மையில் இரண்டு வகை: விலங்குப் பசை சேர்ந்தது, செயற்கைப் பிசின் சேர்ந்தது. பிசின் மை நாள்பட இருக்கும், ஆனால் தூரிகையில் காய்ந்தால் கல்லாகும். பசை மையின் நிறம் ஆழமாக இருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடத்தில் கெட்டு நாறும். பள்ளிப் பைகள் சிலவற்றில் மூன்றாவது ஒன்று வருகிறது: துணியில் பட்டால் துவைத்து எடுக்கக்கூடிய மை. பிள்ளைகளின் சட்டைக்கு நல்லது, எழுத்துக்கு ஆபத்து. எழுதிய தாளின் பின்னால் ஈரப்பசை தடவி வேறு தாள் ஒட்டிச் சட்டமிடும்போது அது கரைந்து ஓடிவிடும். சுவரில் மாட்ட நினைக்கும் எழுத்துக்கு அதைத் தொடவே வேண்டாம்.

ஒரு முறைக்கு 10 மி.லி. ஊற்றினால் போதும். மிச்சத்தைப் புட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது. தூரிகையிலிருந்து போன அழுக்கும் நீரும் முழுப் புட்டியையும் கெடுக்கும். இரண்டு நிறுவனங்களின் மையைக் கலப்பதும் வேண்டாம், திரிந்துபோகலாம்.

விலங்குப் பொருளைத் தவிர்ப்பவர்கள் கவனிக்க: பசை மையிலும் கட்டியிலும் உள்ளது விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த பசை, தூரிகை விலங்கு மயிர். வேண்டாமென்பவர்கள் நைலான் தூரிகையும் பிசின் மையும் எடுத்துக்கொள்ளலாம். நைலான் மையைக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், மற்றபடி அடிப்படைக் கோடுகளுக்குத் தடையில்லை.

மைக்கல்

மியாகி மாகாணத்து ஒகாட்சு, யமானாஷியின் அமெஹாதா, யமாகுச்சியின் அகாமா ஆகியவை பேர்போன கற்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கூர்முனைகள் மேற்பரப்பில் நிறைந்திருப்பதால்தான் அவை கட்டியை அரைக்கின்றன. பரிசுப் பெட்டிக் கல் பெரும்பாலும் மெருகேற்றப்பட்டோ கறுப்பு பூசப்பட்டோ இருக்கும்; கட்டி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கும் கல்லில் தேய்க்கும் கட்டி எவ்வளவு உயர்ந்ததானாலும் பயனில்லை.

பள்ளிப் பையின் பிளாஸ்டிக் கல்லைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. புட்டி மைக்கு அது சரியான பாத்திரம். நல்ல கல்லில் பிசின் மையை ஊற்றிக் காயவிட்டால் அந்தக் கூர்முனைகள் அடைபட்டு, கல் கெடும். ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் கட்டி தேய்க்கப் பீங்கான் என்று இரட்டைக் கல்லும் சில பைகளில் இருக்கிறது. விலை வித்தியாசம் சிறிதென்றால் அதையே எடுக்கலாம்.

தாளும் அதன் துணைகளும்

ஹன்ஷியின் அளவு ஏறத்தாழ 24 × 33 செ.மீ. வழவழப்பான பக்கமே முன்பக்கம். பெட்டிகளில் 20 தாள் வைத்திருப்பார்கள். ஒரு மணி நேரப் பயிற்சியில் அது தீர்ந்துவிடும். ஆகவே பெட்டியோடு 100 தாள் கட்டு ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். பரிசுப் பெட்டியின் தாள் இதைவிடச் சிறியதாக இருந்தால் பார்த்து எழுதும் மாதிரிப் புத்தகமே அதற்குப் பொருந்தாது.

அச்சுப்பொறித் தாளில் எழுதிப் பழகலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது மையைக் குடிக்காது. கோட்டின் முடிவில் மை குளம் கட்டி நிற்கும், வேகம் தவறியது தாளில் தெரியாது. ஹன்ஷியில் மெதுவாகப் போனால் ஓரம் கசியும், மை குறைந்தால் கோடு வறளும். தாளே கண்டிக்கும் ஆசிரியர். நீர் தொட்டு எழுதினால் கறுத்து, உலர்ந்ததும் மறையும் துணி ஒன்று சில பெட்டிகளில் வருகிறது. கை அசைவுக்கு நல்லது; கசிவையும் வறட்சியையும் அது கற்றுத்தராது.

கம்பளி விரிப்பு பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தால் மடிப்புத் தடம் போகாது. கோடு அந்த இடத்தில் துள்ளும். சுருட்டி வைத்திருக்கும் பெட்டியைத் தேடுங்கள். எடைக்கட்டை லேசானதென்றால் தாள் தூரிகையோடு நகரும். அதற்குக் கனமான எந்த இரும்புத் துண்டும் போதும்.

கையேடும் மாதிரியும்

பெட்டிகள் மிக மோசமாகத் தவறுவது இங்கேதான். வெளிநாட்டவர்களுக்கான கையேடு ‘அன்பு’, ‘கனவு’ என்ற எழுத்துகளோடு தொடங்குகிறது, பொருள் இனிக்கிறது என்பதற்காக. இரண்டுக்கும் 13 கோடுகள். நேர்கோடு ஒன்று போடத் தெரியாதவர் கையில் அதைக் கொடுப்பது, ச-ப-ச சொல்லித்தராமல் பல்லவி பாடச் சொல்வது போல. வேறு சில, ‘நிலைத்த’ என்று பொருள்படும் எய் எழுத்தில் தொடங்குகின்றன. எட்டு அடிப்படை அசைவுகளும் அந்த ஓர் எழுத்தில் அடக்கம் என்பது பழம்பெரும் பாடம்தான். கோடுகளாக எண்ணினால் ஐந்து. எட்டையும் ஒரே நாளில் கற்க முடியாது என்பதைக் கையேடு சொல்வதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, பத்து, ஆறு (ஓடும் ஆறு), பெரிய, மரம் இந்த வரிசையில் போகும் மாதிரி கிடைத்தால் அதை விடாதீர்கள்.

ஜப்பானியப் பள்ளிகளில் படுக்கைக் கோட்டை ‘தொன், சூ, தொன்’ என்று தாளம் போட்டுச் சொல்லித்தருவார்கள். தொன்: முனை மேல் இடப்பக்கம் பார்க்க, 45 பாகை சாய்வில் தூரிகையை இறக்கி ஒரு கணம் நில். சூ: அழுத்தம் மாறாமல் வலப்பக்கம் இழு, முனை கோட்டின் மேல் ஓரத்தை ஒட்டியே ஓடவேண்டும், கோடு லேசாக மேலேறும். தொன்: நின்று, அழுத்தி, முனையைக் கூட்டிக்கொண்டே எடு. எழுத்தாணி கீறும், பேனா ஊரும். தூரிகை ஏறி இறங்கும். முழங்கையை மேசையில் ஊன்றினால் இந்த ஏற்ற இறக்கம் வராது. நல்ல மாதிரிப் புத்தகத்தில் முனை ஓடும் பாதை கறுப்புக் கோட்டின்மேல் சிவப்பிலோ ஆரஞ்சிலோ அச்சிடப்பட்டிருக்கும். புத்தகத்தை எடை போட இந்த ஓர் அடையாளம் போதும்.

இன்னொரு குற்றம், மாதிரியாக அச்செழுத்தைப் போட்டுவிடுவது. மின்ச்சோ எனப்படும் அச்செழுத்தில் படுக்கைக் கோடு நூலாகவும் முடிவில் முக்கோணமாகவும் இருக்கும். அது அச்சுக்கு வெட்டிய வடிவம்; தூரிகையால் எழுதும் கைஷோ வடிவம் அல்ல. அதைப் பார்த்துப் பழகுபவர்கள் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் முக்கோணம் வரைய ஆரம்பிக்கிறார்கள்; பிறகு திருத்த மாதங்கள் ஆகும். கோடுகளின் வரிசை எண் இல்லாத மாதிரியும் அப்படியே. ‘வலது’, ‘இடது’ எழுத்துகளின் தலைப்பகுதி ஒன்றுபோலத் தெரியும். வலதுக்குச் சாய்கோடு முதலில், இடதுக்குப் படுக்கைக்கோடு முதலில். எண் போடாவிட்டால் ஊகிக்க வழியே இல்லை.

இடக்கைக்காரர்களைப் பற்றி எந்தக் கையேடும் மூச்சு விடுவதில்லை. அந்த 45 பாகைச் சாய்வு வலக்கைக்கு இயல்பாக வருவது. இடக்கையால் எழுதினால் மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருக்கும். மையை இடப்பக்கமும் மாதிரியை வலப்பக்கமும் மாற்றி வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும்.

திருத்தச் சேவை

சில பெட்டிகளோடு, எழுதியதை அனுப்பினால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தி அனுப்பும் சேவையும் விற்கிறார்கள். தபாலில் தாளையே அனுப்பும் சேவை என்றால் தயங்காமல் எடுங்கள். தாளைத் திருப்பிப் பார்த்தால் எங்கே அழுத்தினீர்கள், எங்கே நின்றீர்கள் என்பது மை ஊறிய விதத்திலேயே தெரியும். படத்தில் அது வராது. படம் அனுப்பும் சேவை அடுத்தபட்சம். நேர் மேலிருந்து, நிழல் விழாமல், மாதிரியையும் பக்கத்தில் வைத்து எடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் நேரான கோடும் கோணலாகி, இல்லாத பிழைக்குத் திருத்தம் வரும். ‘மிக நன்று’ என்று ஒரு சுழியோடு மட்டும் திரும்பி வரும் சேவைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

தனித்தனியாக வாங்கினால்

பை, டப்பா வேண்டாமென்றால் இதுவே சிறந்த வழி. 3 அல்லது 4 எண் கென்கோ தூரிகை ஒன்று, பெயருக்குச் சிறியது ஒன்று, ஹன்ஷி 100, 180 மி.லி. மை, விரிப்பு. கல்லுக்குப் பதில் தட்டையான பீங்கான் கிண்ணம். ஜப்பானில் நல்ல கென்கோ தூரிகைக்கு ஏறத்தாழ 1,500 முதல் 3,000 யென்வரை வைத்துக்கொள்ளுங்கள். மையும் தாளும் தலா சில நூறு யென்னில் முடியும். சேமித்ததைக் கல்லில் போடாமல் மாதிரிப் புத்தகத்தில் போடுங்கள்.

பயணம் போனவர்களிடம் வாங்கிவரச் சொல்வதானால் ஒரு எச்சரிக்கை: 180 மி.லி. புட்டி விமானத்தில் கைப்பையில் போகாது, 100 மி.லி. வரம்பு இருக்கிறது. பெரிய பெட்டியில் வைக்கும்போது மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, இரண்டு பைகளுக்குள் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். சாதாரண மை துணியில் பட்டால் போகவே போகாது.